நூற்றி நான்கு

டிஜே ரெஜின் என்று
கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் வெட்டி
லேப்டாப்பின் முதுகில் ஒட்டியபோது
கையில் ஒரு கல்யாணமும் இல்லை.

கண்ட்ரோலர் மஸ்கட்டிலிருந்து வந்தது.
மூன்றாம் கை.
இடப்பக்கத் தட்டு
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தும்மும்.
"பழகிரும் மக்கா" என்றான் விற்றவன்.
தட்டுக்கா எனக்கா
சொல்லாமல் காசை எண்ணினான்.

ஏழு மாதம் ஹெட்போனில் பயிற்சி.
விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள்
ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள்:
சத்தமே இல்லாத அறையில்
தலையை ஆட்டிக்கொண்டு ஒருத்தன்.
அம்மா ஜெபக்கூட்டத்தில்
என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முதல் அழைப்பு திக்கணங்கோட்டில் ஒரு மண்டபம்.
பெண் குறும்பனை, மாப்பிள்ளை குலசேகரம்.
கடலும் மலையும் சம்மதிக்க
நாலு வருடம் ஆனதாம்.
சம்மதித்த பிறகும்
இடப்பக்க நாற்காலிகள் கடல்,
வலப்பக்கம் மலை,
நடுவில் சிவப்புக் கம்பளம்,
அதில் கேமராக்காரன் மட்டும் நடமாடினான்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஞானதாஸ்
ஐயாயிரம் பேசியிருந்தார்.
"சாமியார் போறது வர மெதுவா போடு.
பெறவு உன் இஷ்டம்.
ஆனா ரொம்ப இஷ்டம் வேண்டாம்."

சாமியார் அடைப்பிரதமன் இரண்டாம் முறை கேட்டார்.
நான் வயலினிலேயே கிடந்தேன்.

அவர் கார் கிளம்பியதும்
ஏழு மாதத்தையும் மொத்தமாகத் திறந்தேன்.
நிமிடத்துக்கு நூற்றி இருபத்தெட்டு அடி.
ஒரு குழந்தை காதைப் பொத்தியது.
மலைப்பக்கம் மலையாளப் பாட்டு கேட்டு
ஒரு சீட்டு வந்தது.
கடல்பக்கம் சீட்டு எழுதவில்லை,
நேரடியாக வந்து
"இது என்ன எளவுடே" என்றது.
தட்டு தும்மியது.
நான் குனிந்து
ஒயரைச் சரிசெய்வதுபோல நெடுநேரம் இருந்தேன்.

அப்போதுதான் ஐப்பசி மழை வலுத்தது,
கரண்ட் போனது.

ஜெனரேட்டர் உண்டு, லைட்டுக்கு.
"ஒனக்க பெட்டிக்கு இழுக்காது" என்றான் சுபின் சவுண்ட்ஸ்.
பளிச்சென்ற வெளிச்சத்தில்
பேச்சற்று எட்டு ஸ்பீக்கர்.
என் காதில் மட்டும் பாட்டு ஓடியது,
லேப்டாப்புக்கு பேட்டரி உண்டே.

ஒரு பையன் காலித் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்தான்.
சும்மா, சலிப்பில், ஒரு தட்டு.
பெண்ணின் தாய்மாமன் ததேயுஸ்
கரைமடி இழுத்த கையால்
அதை வாங்கி மடியில் வைத்தார்.
குறும்பனைப் பெண்கள் கை சேர்த்தார்கள்.
கொஞ்சம் தள்ளி
செருப்புக் காலொன்று தரையைத் தட்டியது,
அது மலைப்பக்கத்துக் கால்.
மழை தகரக் கூரையில் எதற்கும் ஒத்துப்போகவில்லை.
யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

மணப்பெண் மாலையைக் கழற்றி
நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

காதில் நூற்றி இருபத்தெட்டு,
கண்ணெதிரே வேறொன்று.
ஹெட்போனைக் கழற்றினேன்.
ஆள்காட்டி விரலால் டெம்போ பொத்தானை
அவர்கள் கைக்கு ஒப்பத் தட்டினேன்.
தொண்ணூற்றெட்டு. நூற்றி ஒன்பது. நூற்றி ஆறு.
நூற்றி நான்கில் எண் நின்றது.

இருபத்திரண்டு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தபோது
பாட்டு எதையும் நான் போடவில்லை.
வெறும் டிரம், தாழ்வாக,
கேனுக்கு அடியில் நுழைத்தேன்.
ததேயுஸ் ஒருமுறை
ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்,
யாரோ தெரிந்தவர் வந்துவிட்டதைப்போல.
தட்டு தும்மியது, தாளத்தில்.

பந்திக்குக் கூப்பிட்டதும்
அவரவர் பக்கத்துக்கே போனார்கள்.
கம்பளத்தில் ஒரு ஒற்றைச் செருப்பு.

ஞானதாஸ் நாலாயிரத்து நானூறு தந்தார்.
"கரண்ட் இல்லாத நேரத்துக்கு
அறுநூறு கழிச்சிருக்கு. கணக்குண்ணா கணக்கு."
வாயைத் திறந்தேன்.
நன்றி என்றுதான் வந்தது.

சுபினுக்குப் போக, வண்டிக்குப் போக
மிச்சத்தைச் சட்டைப்பையில் வைத்து
டாட்டா ஏஸில் முன்னால் உட்கார்ந்தேன்.
திங்கள்நகர் தாண்டியும் மழை விடவில்லை.
என் விரல் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தது.
வைப்பர் எழுபத்திரண்டு.
பாதிக் கண்ணாடியைத்தான் துடைக்கும்.